நடுவுல ஒரு பேரிங்

போன மாதம் தாராபுரம் வீட்டில் பரணை ஒழித்தபோது என் காலேஜ் லேப் ரெக்கார்டு ஒன்று கையில் சிக்கியது. பழுப்பு அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அதில் ஒரு சோதனை: ‘சுழலும் தண்டின் கிரிட்டிகல் ஸ்பீடு காணல்’. பென்சில் படம், அட்டவணை, கிராஃப், கீழே சிவப்பு மையில் பத்துக்கு ஒன்பது.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் லேப் ஞாபகம் வரவில்லை. என் தாய்மாமாவின் லேத் பட்டறையும், அங்கே நான் வாயடைத்து நின்ற ஒரு நாளும்தான் ஞாபகம் வந்தன. இருபது வருடத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தப் பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். மாமாவின் பேத்தி இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அவளுக்கு மெக்கானிக்கல் எடுக்க ஆசை. வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் எடு என்கிறார்கள். “நீங்க மெக்கானிக்கல் படிச்சவருதான மாமா, அதுல அப்படி என்னதான் சொல்லித் தராங்க?” என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்து படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

பட்டறையில் நடந்தது

2001 மே மாதம். மூன்றாம் ஆண்டு முடிந்து லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். தாராபுரம் அப்போது ஈரோடு மாவட்டம். திருப்பூர் மாவட்டம் வர இன்னும் எட்டு வருடம் இருந்தது. மாமா பட்டறையில் இரண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட். சுற்று வட்டார மோட்டார், பம்பு, ரைஸ் மில், எண்ணெய்ச் செக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான் டாக்டர்.

காங்கயம் ரோட்டில் தேங்காய் மட்டை அடித்து நார் எடுக்கும் மில் வைத்திருந்த ஒருவர் வந்தார். ஷெட்டை மாற்றிக் கட்டியதில் மோட்டார் தள்ளிப் போய்விட்டது. அதனால் நாலடி நீளமிருந்த தண்டை ஆறரை அடியாக்கிப் போட்டிருந்தார். அதே நாற்பது எம்.எம். தண்டு, அதே மோட்டார், அதே கப்பிகள், அதே வேகம். ஆனால் ஓட்டினால் ஷெட்டே அதிர்கிறது.

மாமாவோடு நானும் போய்ப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒன்றுமில்லை. வேகம் ஏற ஏற தண்டின் நடுப்பகுதி மங்கலாகி, வயிறு வைத்தது போலப் பருத்துத் தெரிந்தது. பேரிங் போல்ட்டுகள் கடகடவென்று அடித்தன. மாமா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

“சாப்ட்டு மெலிசா இருக்குதுங்க. அம்பது எம்எம்ல கடஞ்சு குடுத்துருங்க” என்றார் மில்லுக்காரர்.

மாமா தண்டைக் கழற்றி வந்து லேத்தில் மாட்டி, டயல் வைத்துச் சுற்றிப் பார்த்தார். வளைவு கிடையாது. என்னைப் பார்த்து, “மாப்ள, நீ இதுக்குத்தான படிக்கற. என்னன்னு சொல்லு” என்றார்.

நான் யோசித்தேன். “பேலன்ஸ் இல்லாம இருக்கும் மாமா” என்றேன். எல்லா அதிர்வுக்கும் சொல்லக்கூடிய பதில் அது. வயிறு வலிக்கிறது என்றால் “எதையோ சாப்பிட்டிருப்பே” என்பது மாதிரி.

மாமா சிரித்துவிட்டு, அதே நாற்பது எம்.எம். தண்டைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டி, நடுவில் இன்னொரு பிளம்மர் பிளாக் வைத்தார். மூன்று பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்பதால் நூல் பிடித்து, தகடு வைத்து ஏற்றி இறக்கி, ராத்திரி ஒன்பது மணி ஆயிற்று. மறுபடி சுவிட்ச் போட்டார். தண்டு சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத மாதிரி ஓடியது.

“நீளமானா ஆடத்தான் மாப்ள செய்யும். நடுவுல புடிச்சா அடங்கிக்கும்.”

விளக்கம் அவ்வளவுதான். இதில் என்னைக் குத்தியது என்னவென்றால், அதே சோதனையை நான்கு மாதம் முன்னால் லேப்பில் செய்து ஒன்பது மார்க் வாங்கியிருந்தேன். மெல்லிய தண்டு, வேகத்தை ஏற்றினால் வில்லாக வளையும், இன்னும் ஏற்றினால் நேராகும். அந்த வில்லைத்தான் நார் மில்லில் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்தப் பாடம்

மெக்கானிக்கல் மாணவர்கள் ‘டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி’ என்று சொல்லும் பாடம் இது. நாங்கள் படித்த காலத்தில் கோவை வட்டாரக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. தலையணை மாதிரி குர்மி–குப்தா புத்தகம் எல்லோர் கையிலும் இருக்கும். பறக்கும் சக்கரம், கவர்னர், ஜைரோஸ்கோப், பிஸ்டன் எந்திரங்களைச் சமன் செய்வது, கடைசியில் அதிர்வுகள். நான் அதில் ஒரு முறை அரியர் வைத்து, இரண்டாம் முறை சூத்திரங்களை மனப்பாடம் செய்து தாண்டினேன்.

எந்திரம் நிற்கும்போது என்னென்ன விசை என்பது ஒரு கேள்வி. ஓடும்போது என்ன ஆகும் என்பது வேறு கேள்வி, அதுதான் இந்தப் பாடம். கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓடிய காலத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. கவர்னர் சரியில்லாத எஞ்சின் ஒரே சீராக ஓடாது. வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். 1788இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினில் சுழலும் குண்டுகள் வைத்த கவர்னரைப் பொருத்தினார். அது ஏன் சில சமயம் இப்படித் தள்ளாடுகிறது என்பதைக் கணிதமாக எழுதிக் காட்டியவர் மேக்ஸ்வெல், 1868இல். எண்பது வருட இடைவெளி. இந்தத் துறையின் வரலாறு முழுக்க இப்படித்தான்: எந்திரம் முன்னால் ஓடும், கணக்கு மூச்சிரைக்கப் பின்னால் வரும்.

கொங்கு நாட்டின் பழைய வழக்கு

நம் பகுதியில் இந்த இடைவெளி ஒரு சண்டையாகவே நடந்திருக்கிறது.

கவலை இறைத்த ஊர் இது. மாடு பூட்டித் தோல் பறியில் நீர் இறைத்த கிணறுகளுக்கு ஆயில் எஞ்சின் வந்தது; 1930களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் வந்த பிறகு மோட்டார் வந்தது. கோயமுத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் தொடங்கிய நூற்பாலைக்குப் பிறகு மெல்ல வளர்ந்த மில்கள், பைகாரா மின்சாரத்துக்குப் பிறகு மளமளவென்று பெருகின. மில் இருந்தால் ரிப்பேர் இருக்கும். ரிப்பேர் இருந்தால் பட்டறை இருக்கும். பட்டறைக்காரன் இறக்குமதி எந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, ‘இதை நாமே செய்யலாமே’ என்று ஒரு நாள் நினைப்பான். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து செய்த மின்மோட்டாரைத்தான் இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று கோவையில் சொல்வார்கள்.

ஜி.டி. நாயுடு 1893இல் கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, பெரிய பஸ் கம்பெனியாக வளர்த்தவர். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி வந்ததற்கு முக்கியக் காரணம் அவர்தான். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். அங்கே அவர் கிளப்பிய பிரச்சினை சுவாரசியமானது. பொறியியல் படிப்புக்கு நான்கு வருடம் என்பது மாணவனின் நேரத்தை வீணாக்குவது, இரண்டு வருடம் போதும் என்றார். ஆங்கில அரசு ஏற்கவில்லை. அவர் விலகிக்கொண்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் சி.ஐ.டி. என்று வரிசையாக வந்தன. படிப்பு நான்கு வருடத்துக்குக் குறையவில்லை. ஆனால் நாயுடுவின் கேள்வி செத்துவிடவில்லை. நார் மில்லில் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பில் அது இருந்தது. பேத்தியைக் கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லும் என் மச்சான் வாயிலும் அது இருக்கிறது: “பட்டறையில ஆறு மாசம் நின்னா வராதது காலேஜ்ல என்னத்த வரப்போகுது?”

நியாயமான கேள்வி. தண்டு ஆடும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உலகம் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்று தேடிப் போனேன். போன இடத்தில் எனக்கு ஓர் ஆறுதலும் ஓர் அதிர்ச்சியும் கிடைத்தன.

மேதை போட்ட தப்புக் கணக்கு

வில்லியம் ரேங்கின் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர். அனல்மின் நிலையம் எப்படி வேலை செய்கிறது என்று படிக்கும் ஒவ்வொரு மாணவனும் ரேங்கின் சுழற்சி என்ற பெயரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவ்வளவு பெரிய ஆள். 1869இல் அவர் சுழலும் தண்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம்: ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு; அதற்குக் கீழே தண்டு நேராக ஓடும்; அந்த வேகத்துக்கு மேலே எந்தத் தண்டும் நிலையாக ஓட முடியாது.

முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தப்பு.

தண்டோடு சேர்ந்து தானும் சுற்றுவதாக வைத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டார். தண்டை வெளியே இழுக்கும் மையவிலக்கு விசையைச் சேர்த்தார். உள்ளே இழுக்கும் எஃகின் விறைப்பைச் சேர்த்தார். ஆனால் சுற்றும் ஒன்றின் மேல் நின்று கணக்குப் போட்டால் கோரியோலிஸ் விசை என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டார். அந்த ஒரு உறுப்பு இல்லாததால், வேகம் கூடக்கூட வெளியே இழுப்பது மட்டும் ஜெயித்துக்கொண்டே போவதாக விடை வந்தது.

பெரியவர் சொன்னால் மறுபேச்சு ஏது? எல்லை வேகத்துக்குக் கீழேயே ஓட்டு, வேகம் வேண்டுமானால் தண்டைத் தடிமனாக்கு என்பதுதான் பாடமாக இருந்தது. நார் மில்லுக்காரர் சொன்ன வைத்தியம்தான்!

ஆனால் ரேங்கினைப் படிக்காதவர்கள் இன்னொரு பக்கம் வேறு வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1870களில் அமெரிக்க நூற்பாலைகளில் ரிங் ஃபிரேம் ஸ்பிண்டிலை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கப் போட்டி நடந்தது. ஸ்பிண்டில் மேல் பாபின், பாபின் மேல் நூல். நூல் ஏற ஏறச் சுற்றுச் சமநிலை மாறிக்கொண்டே இருக்கும். இறுக்கிப் பிடித்த ஸ்பிண்டில் அதிர்ந்தது. ராபெத் என்பவரின் ஸ்பிண்டில், தாங்கியைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, தனக்கு எது மையமோ அதை ஸ்பிண்டிலே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டது. வேகம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை போனது. இன்று நம்ம கோவை, திருப்பூர், உடுமலை மில்களில் 20,000ஐத் தாண்டி ஓடும் ஸ்பிண்டில்களும் அந்த வம்சம்தான்.

சுவீடனில் குஸ்தாவ் டி லாவால் என்ற பொறியாளர் பாலிலிருந்து ஆடை பிரிக்கும் எந்திரம் செய்து பேர் வாங்கியவர். அதை ஓட்ட வேகமான நீராவி டர்பைன் ஒன்றை உருவாக்கப் போய், நிமிடத்துக்கு 30,000 சுற்று என்ற அளவுக்குப் போனார். அந்த வேகத்தில் தடித்த தண்டு எதுவும் அடங்கவில்லை. அவர் தலைகீழாக ஒன்று செய்தார்: தண்டை வேண்டுமென்றே மெல்லியதாக, வளையக்கூடியதாகச் செய்தார். ஸ்டார்ட் செய்யும்போது எல்லை வேகத்தில் ஒரு குலுக்கு குலுக்கும். சட்டென்று தாண்டிவிட்டால் அதற்கு மேல் அமைதி. 1889 வாக்கில் அவர் டர்பைன்கள், ரேங்கின் ‘முடியாது’ என்று சொன்ன அந்தப் பிரதேசத்தில் சாதாரணமாக ஓடின.

பட்டறைக் கட்சிக்கு ஒரு பாயிண்ட்!

சாவிக்கொத்து சோதனை

எல்லை வேகத்தைத் தாண்டினால் ஏன் அமைதி? இதை நான் பேத்திக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். சாவிக்கொத்து ஒன்றை ஒரு முழ நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மேல் நுனியைப் பிடித்த கையை மெதுவாக இடம் வலமாக ஆட்டுங்கள். சாவி கையோடு கூடவே வரும். கொஞ்சம் வேகம் கூட்டினால் ஒரு கட்டத்தில் சாவி கண்டபடி பெரிதாக ஆடும்; கை கொஞ்சம்தான் அசைகிறது, சாவி முகத்தில் அடிக்க வருகிறது. அதுதான் கிரிட்டிகல். இன்னும் வேகமாகக் கையை ஆட்டுங்கள். சாவி கிட்டத்தட்ட நின்றுவிடும். கை வலப்பக்கம் போனால் அது லேசாக இடப்பக்கம் போகும்.

தண்டிலும் இதே கதை. எந்தச் சக்கரத்தையும் நூற்றுக்கு நூறு மையத்தில் பொருத்த முடியாது. அதன் கனமையம் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். குறைந்த வேகத்தில் அந்தக் கனத்த பக்கம் வெளியே தள்ளித் தண்டை வளைக்கிறது. எல்லை வேகத்தைத் தாண்டியதும் நிலை புரண்டு, கனத்த பக்கம் உள்ளே வந்துவிடுகிறது. சக்கரம் தன் கனமையத்தைச் சுற்றியே சுழல ஆரம்பிக்கிறது. டி லாவால் தண்டும் ராபெத் ஸ்பிண்டிலும் செய்தது இதைத்தான்.

கணக்கு இந்த இடத்துக்கு வந்து சேர இன்னும் நாள் பிடித்தது. 1894இல் இங்கிலாந்தில் ஸ்டான்லி டங்கர்லி தண்டுகளை வைத்து நிறையச் சோதனைகள் செய்து, பல சக்கரங்கள் ஏற்றிய தண்டின் எல்லை வேகத்தைக் கணக்கிட ஒரு சுலபமான வழி கொடுத்தார். பரீட்சையில் அவர் பேரைச் சொல்லித்தான் ஐந்து மார்க் வாங்கினோம். 1895இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் ஃபெப்பல், தாண்டிய பிறகும் தண்டு நிலையாக ஓடும் என்பதைச் சமன்பாட்டில் காட்டினார். ஆங்கிலம் பேசும் பொறியாளர் உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1919இல்தான் ஹென்றி ஜெஃப்காட் என்ற அயர்லாந்துப் பொறியாளர் அதிர்வுத் தணிப்பையும் சேர்த்து, சமநிலை தவறிய தண்டு எல்லை வேகத்துக்கு அருகில் என்ன செய்யும் என்று தெளிவாக எழுதினார். இன்றும் பாடத்தில் முதலில் வரும் மாதிரிக்கு ஜெஃப்காட் ரோட்டார் என்றே பெயர்.

1869க்கும் 1919க்கும் இடையே ஐம்பது வருடம். லேப்பில் முக்கால் மணி நேரத்தில் நான் முடித்த சோதனைக்குள் இவ்வளவு பேர் இருந்தார்கள். அந்த நோட்டில் ஒரு பேர்கூட இல்லை. கரக்பூர், டெல்லி ஐ.ஐ.டி.களில் கற்பித்த ஜே.எஸ். ராவ் சுழல் எந்திரங்களின் இயக்கவியல் வரலாற்றையே ஒரு தனி நூலாக எழுதி 2011இல் வெளியிட்டார். இந்தத் துறையில் ஓர் இந்தியப் பேராசிரியர் இப்படி ஒரு வரலாறு எழுதியிருக்கிறார் என்பது, நான் படித்து முடித்துப் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

இப்போது மாமாவின் தண்டு

சரி, கணக்குக்கு வருவோம். இரு முனையிலும் பேரிங் வைத்த வெறும் எஃகுத் தண்டுக்கு எல்லை வேகம், நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும்; தடிமனுக்கு நேர்விகிதத்தில் மாறும். எண்களைப் போட்டுப் பார்த்தேன். நாற்பது எம்.எம். தண்டுதான்.

நாலடியாக இருந்தபோது எல்லை வேகம் சுமார் 3,200 சுற்று. மோட்டார் 1,440; கப்பியில் குறைந்து தண்டு 1,100 அளவில் ஓடியிருக்கும். எல்லை எங்கேயோ தூரத்தில். அதனால் வருடக்கணக்கில் பிரச்சினை இல்லை.

ஆறரை அடியாக்கியதும் எல்லை சுமார் 1,220க்கு இறங்கிவிட்டது. இது வெறும் தண்டுக்கு. கப்பியின் எடையைச் சேர்த்தால் இன்னும் குறையும். அதாவது, ஓட்டும் வேகத்தின் மடியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

மில்லுக்காரர் சொன்ன மாதிரி ஐம்பது எம்.எம். போட்டிருந்தால்? சுமார் 1,525. எஃகு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருக்கும், பேரிங், கப்பித் துளை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். கிடைப்பது முந்நூறு சுற்றுதான்.

மாமா செய்த மாதிரி நடுவில் ஒரு பேரிங் வைத்தால் நீளம் பாதி. எல்லை நான்கு மடங்கு. சுமார் 4,880. செலவு ஒரு பிளம்மர் பிளாக்கும், நூல் பிடித்த கூலியும்.

இதைப் போட்டு முடித்தபோது ராத்திரி பதினொன்று. மாமாவுக்கு அப்போதே போன் போட வேண்டும் போல இருந்தது. ஒரு வார்த்தை கணிதம் இல்லாமல் அவர் எடுத்த முடிவு, நான் போடக்கூடிய எந்தக் கணக்கையும் விடக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

இன்னொரு எண்ணையும் பார்த்தேன், அது வேறு பக்கம் பேசியது. நடுவில் எடை ஏற்றிய தண்டு தன் பாரத்தில் எவ்வளவு தொய்கிறது என்று தெரிந்தால் போதும், எல்லை வேகம் சொல்லிவிடலாம். ஒரு மில்லிமீட்டர் தொய்ந்தால் 946 சுற்று. தொய்வு நூறில் ஒன்றானால் வேகம் பத்து மடங்கு. அதாவது வேகம் தொய்வின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். அப்படியானால் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தொய்வுக்கு? சுமார் 2,990.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிணற்றுப் பம்புகளில் பார்க்கும் இருதுருவ மோட்டாரின் உச்ச வேகம் 3,000. பாரத்தோடு 2,880 வாக்கில் ஓடும். ஆக, ஒரு தலைமுடிப் பருமன் தொய்வு இருந்தால் அந்த மோட்டாரின் தண்டு அதன் எல்லை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். தலைமுடியளவு தொய்வை எந்தப் பட்டறைக்காரர் கண்ணும் பார்க்காது. மோட்டாரைச் செய்து, ஓட்டி, அது அலறிய பிறகுதான் காது சொல்லும். கணக்கு அதைத் தாளிலேயே சொல்லிவிடும்.

என் பதில் இங்கேதான் கிடைத்தது. மாமாவின் காது எந்திரம் ஓடிய பிறகு கேட்கும். ஒரு நார் மில்லுக்கு அது போதும்; கழற்றி மாட்ட ஒரு நாள். ஆயிரக்கணக்கில் வார்த்து அனுப்பும் பம்புக்கோ, தப்பினால் ஆள் சாகக்கூடிய டர்பைனுக்கோ அது போதாது. அதே சமயம், எந்திரத்தைக் கூட நிறுத்தி வைத்துச் சரிபார்க்காத கணக்கு ரேங்கின் மாதிரி ஒரு உறுப்பை விட்டுவிட்டு ஐம்பது வருடம் ஊரை நம்ப வைக்கும். ஜி.டி. நாயுடு நான்கு வருடம் வீண் என்றது என் விஷயத்தில் உண்மைதான். நான் படித்தது வீணாகத்தான் போயிற்று. வருடக்கணக்கைக் குறைத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று தோன்றவில்லை. அந்த நான்கு வருடத்தில் ஒரு நாள் என்னை ஒரு நார் மில்லுக்குக் கூட்டிப்போய், “லேப்ல பாத்தியே, அது இதுதான்” என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

உடுமலை ரோட்டில்

போன ஞாயிறு மாமாவையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு தாராபுரத்திலிருந்து உடுமலைப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பருவம். ரோட்டின் இரு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

“இத்தன மெதுவா சுத்தறதுக்குமா கணக்கு?” என்றார் மாமா. நான் அவருக்கு அவர் தண்டின் கணக்கைச் சொல்லி முடித்திருந்தேன். கேட்டுவிட்டு, “அது எனக்கு அன்னைக்கே தெரியுமே” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

காற்றாலைக்கும் அதே கணக்குதான். பெரிய காற்றாலை ஒன்று நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்துக்கொண்டால், நொடிக்குக் கால் சுற்று. மூன்று இறக்கை என்பதால் கோபுரத்துக்கு முன்னால் நொடிக்கு முக்கால் முறை ஒரு இறக்கை கடக்கிறது. அந்த உயரமான கோபுரமும் ஒரு மூங்கில் மாதிரி தனக்கென்று ஒரு ஆட்டம் வைத்திருக்கிறது. அந்த ஆட்டம் நொடிக்குக் காலுக்கும் முக்காலுக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல் விழும்படிதான் பெரும்பாலும் கோபுரத்தை வடிவமைக்கிறார்கள். காற்று மெல்ல ஏறும்போது இறக்கை கடக்கும் தாளம் கோபுரத்தின் தாளத்தோடு ஒத்துப்போகும் வேகம் ஒன்று வரும். கட்டுப்பாட்டு மென்பொருள் ரோட்டாரை அங்கே தங்கவிடாமல் தாண்ட வைக்கும். டி லாவால் கையால் செய்ததை இன்று என் தொழில்காரர்கள் யாரோ எழுதிய நிரல் செய்கிறது.

பேத்தி பின் ஸீட்டில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கேட்டாள்: “மாமா, அந்த ரேங்கின் எழுதினத அப்ப யாருமே எந்திரத்துக்கிட்டப் போயிப் பாக்கலையா?”

“பாத்தவங்க எழுதல. எழுதினவங்க பாக்கல.”

“அப்பாரு, நான் உங்க பட்டறைக்கு வரட்டுமா? காலேஜ் தொறக்கற வரைக்கும்.”

மாமா திரும்பிப் பார்த்தார். “வா சாமி. ஆனா துப்பட்டாவ இறுக்கிக் கட்டீட்டு வா. லேத்து யாரு என்னன்னு பாக்காது.”

எந்தப் படிப்பு எடுக்கப் போகிறாள் என்று இன்னும் முடிவாகவில்லை. என் லேப் ரெக்கார்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்தச் சோதனைக்குக் கீழே இருந்த காலி இடத்தில் மாமாவின் தண்டுக் கணக்கைப் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன்.